தையல்கார அக்காவும் மே தினக் கிராம சபையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மே 1, திங்கட்கிழமை. எங்கள் ஊரில் கிராம சபை. பஞ்சாயத்து அலுவலக வாசலில் பந்தல், வாடகை நாற்காலிகள், கரகரக்கும் ஒரு மைக். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு, சேரவேண்டுமே என்று நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை வரச்சொல்லியிருந்தார்கள். பதிவேட்டில் கையெழுத்தும் கைநாட்டுமாக 114 பேர். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதிப் பேர் நழுவிவிட்டார்கள். வழக்கம்தான்.

ஊர் வெட்டாற்றங்கரையில் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் சொல்லப்போவதில்லை. வெட்டாற்றங்கரையில் ஊர்கள் நிறைய. ஆட்கள் பெயரும் எழுதவில்லை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் திருவாரூரில் வக்கீலாக இருக்கிறேன். லீவுக்கு வந்தவனை அம்மா, "அந்தக் குழாய்த் தண்ணி விஷயத்தப் பேசிட்டு வாடா" என்று அனுப்பியதால் போய் உட்கார்ந்தேன்.

குடிநீர், வரவு செலவு, நூறு நாள் வேலைப் பாக்கி என்று எல்லாம் முடிந்து, டீ வரும் நேரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுந்தார். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். தன்பாலினத் திருமணத்தை நீதிமன்றம் முடிவு செய்யக்கூடாது, நாடு முழுக்கப் பொதுவாக்கெடுப்பு நடத்தி மக்கள் சொல்கிறபடிதான் மத்திய அரசு நடக்கவேண்டும் என்று இந்தக் கிராம சபை கேட்டுக்கொள்கிறது. இதுதான் தீர்மானம்.

அவர் படித்து முடிப்பதற்குள்ளாகவே பந்தலில் இருந்த கண்கள் எல்லாம் மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டன. அங்கே தையல்கார அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் குழாய் உடைப்பு பற்றி எழுதிய மனு.

அக்கா எங்கள் ஊர்க்காரர். வயது நாற்பத்துமூன்று இருக்கும். அவரோடு இருப்பவர் பட்டுக்கோட்டைப் பக்கம், ஐந்து வயது இளையவர், ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறார். இருவரும் ஒரே வீட்டில் பதினோரு வருடமாக இருக்கிறார்கள். திண்ணையில் தகரம் இறக்கி இரண்டு தையல் மெஷின். பொங்கலுக்கு முன்னால் போனால் உட்கார இடம் இருக்காது. "சித்தி மவ" என்று ஆரம்பத்தில் சொல்லியிருந்தார்கள். ஊர் அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் எங்கள் ஊருக்கு நல்ல பயிற்சி உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் இருவரும் இவ்வளவு காலம் நிம்மதியாக இருந்தார்கள்.

அந்த ஏப்ரல் 18ஆம் தேதி உச்சநீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தன்பாலினத் திருமண வழக்கின் விசாரணையைத் தொடங்கியது. நேரலை வேறு. இரவில் டிவி விவாதம், காலையில் வாட்ஸ்அப். பதினோரு வருடமாகப் பெயரில்லாமல் இருந்த ஒன்றுக்குத் திடீரென்று பெயர் கிடைத்துவிட்டது. பெயர் வந்ததும் பேச்சும் வந்தது. ஆகவே வாத்தியார் தாளை எடுத்தபோது அவர் டெல்லியைப் பற்றித்தான் பேசினார், கேட்டவர்களுக்குத்தான் அது மூன்றாவது வரிசையைப் பற்றியதாகப் பட்டது. அவரும் அதை அறியாதவர் அல்ல என்றே நினைக்கிறேன்.

தலைவரம்மா, "இது பொருள்ல இல்லீங்களே சார்" என்று பார்த்தார். வாத்தியார் விடவில்லை. சரி, ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள்.

மூன்று கைகள் எழுந்தன. வாத்தியார், அவர் தம்பி, உரக்கடைக்காரர்.

பந்தலில் அறுபது பேராவது இருந்திருப்பார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்தார். "தலைவரம்மா, குழாய் மனு குடுத்துட்டேன். உலை வச்சிட்டு வந்தேன், போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. தெருமுனை திரும்பும்வரை யாரும் பேசவில்லை.

அப்புறம் வாத்தியார், "நல்லாக் கேக்கல போலருக்கு, இன்னொரு தரம்" என்றார். இந்த முறை எண்ணினேன். 31. எதிர்த்தவர்கள் யார் என்றதற்கு நான்கு கை. அதில் ஒன்று என்னுடையது. மீதிப் பேர் இரண்டுக்கும் தூக்கவில்லை. பஞ்சாயத்துச் செயலர் புத்திமான். "கோரிக்கை பெறப்பட்டது" என்று மட்டும் எழுதி மூடிவிட்டார்.

31 என்பது எவ்வளவு?

நடந்தது இவ்வளவுதான். ஒரு ஊர்க் கூட்டத்தில் அரை மணி நேரம். ஆனால் வாக்கெடுப்பு என்ற யோசனையில் இருக்கிற எல்லாச் சிக்கலும் அந்த அரை மணி நேரத்துக்குள் இருந்தது.

முதலில் கணக்கு. கை தூக்கியவர்கள் 35 பேர், அதில் ஆதரவு 31. அதாவது 89 சதவீதம். மறுநாள் டீக்கடையில் வாத்தியார் தரப்பு சொன்ன எண் இதுதான். கையெழுத்துப் போட்ட 114 பேரில் பார்த்தால் 27 சதவீதம். அக்கா இருந்தபோது எடுத்த கணக்கு என்றால் மூன்றே மூன்று பேர். மூன்றும் உண்மை. எதை எழுதுவது என்பது எழுதுகிறவர் கையில்.

அந்த ஏப்ரலிலேயே இந்திய வழக்கறிஞர் மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. நாட்டில் 99.9 சதவீதத்துக்கும் மேலானவர்கள் தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கிறார்கள், ஆகவே இதைச் சட்டமன்றங்களுக்கு விட்டுவிட வேண்டும் என்றது. யாரிடம் போய்க் கேட்டு எண்ணினார்கள் என்று அதில் இல்லை. அந்தச் சமயத்தில் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் கருத்துக்கணிப்பில் கேட்டபோது இந்தியர்களில் 53 சதவீதம் ஆதரவு, 43 சதவீதம் எதிர்ப்பு என்று வந்தது. இதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் ஆட்கள் வாசலில் வந்து கேட்பவரிடம் மனதில் இருப்பதைத்தான் சொல்வார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் 99.9க்கும் 53க்கும் நடுவில் ஒரு நாடே அடங்கும்.

மூன்று எப்படி 31 ஆனது என்பதைத்தான் நான் பல நாள் யோசித்தேன். அக்கா உட்கார்ந்திருக்கும்போது கை தூக்க முடியவில்லை. அவர் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அவர் கண்ணெதிரே, அவருக்கு எதிராக எப்படித் தூக்குவது? அவர் போனதும் விஷயம் வெறும் விஷயமாகிவிட்டது. டிவியில் பார்த்த ஒன்று, டெல்லியில் நடக்கிற ஒன்று. ரகசிய வாக்கெடுப்பு என்பது ஒரு வகையில் அக்கா தெருமுனை திரும்பிய பிறகு எடுக்கும் வாக்கெடுப்புதான். மிரட்டலுக்குப் பயப்படாமல் வாக்களிக்க ரகசியம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால் வருகிற கூச்சத்தையும் அது எடுத்துவிடுகிறது.

வாத்தியாரிடம் இருந்த நியாயம்

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். கோபமில்லை.

"ஓட்டுப் போட்டுத்தானப்பா அரசாங்கமே வருது. யார் ஆளணும்னு முடிவு பண்ணத் தெரிஞ்ச ஜனத்துக்கு, கல்யாணம்னா என்னன்னு முடிவு பண்ணத் தெரியாதா? அஞ்சு ஜட்ஜு உக்காந்து சொல்லிட்டா ஆச்சா?"

இது சாதாரணக் கேள்வி இல்லை. நீதிமன்றத்தில் தொழில் செய்கிறவன் என்பதால் எனக்கு நீதிபதிகள் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை கிடையாது. பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது வராது. மக்கள் சம்மதம் இல்லாமல் மேலிருந்து இறங்குகிற உரிமை தெருவில் நிலைப்பதற்கு நாளாகும் என்பதும் சரி.

அவர் அடுத்துச் சொன்னதுதான் எங்கள் மண்ணின் வாதம். "ஹைட்ரோகார்பன் வந்தப்ப என்ன பண்ணோம்? இதே பந்தல்ல உக்காந்துதான தீர்மானம் போட்டோம்? நம்ம மண்ணுல என்ன வரணும்னு நாமதான முடிவு பண்ணோம்?"

உண்மை. நிலத்தடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் அந்தத் திட்டத்தை எதிர்த்து டெல்டாவில் ஊர் ஊராகக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2020 பிப்ரவரியில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்தது. எங்கள் ஊர்த் தீர்மானத்தை எழுதியவரே வாத்தியார்தான். அந்த வெற்றியின் ருசி அவர் நாக்கில் இன்னும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

நான் சொன்னேன்: "சார், அங்க குழாய் இறக்குனா நிலம் போறது நமக்கு. அதனால நாம கை தூக்குனோம். இங்க நீங்க கை தூக்குனா, எறக்குனா, உங்களுக்கு என்ன போகுது? போறது அந்த ரெண்டு பேருக்கு."

அவர் யோசித்தார். "சமுதாயத்துக்குப் போகுதே" என்றார்.

என்ன போகிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் வருவதற்குள் அவர் மனைவி முறுக்குத் தட்டோடு வந்துவிட்டார். அவர் ஜாக்கெட் அளவு தையல்கார அக்காவிடம்தான் இருக்கிறது, பல வருடமாக.

டெல்டாக்காரனுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை, தண்ணீர் போதும். தலைமடைக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதற்காகக் கடைமடைக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்று அவர்களிடம் ஓட்டு எடுப்போமா? 2016 செப்டம்பரில் காவிரித் தண்ணீரைக் குடிநீருக்கு மட்டுமே பயன்படுத்துவது என்று கர்நாடக சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான், ஒரு எதிர் ஓட்டுகூட இல்லை. அதை ஜனநாயகம் என்று நாம் கும்பிட்டுவிட்டு நடவைக் கைவிட்டோமா? உச்சநீதிமன்றத்தில் போய் நின்றோம். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் 177.25 டிஎம்சி என்று வந்தது. முன்பு நடுவர் மன்றம் சொன்ன 192ஐ விடக் குறைவு, வயிறெரிந்தோம், ஆனாலும் அது யாருடைய கை எண்ணிக்கையையும் சார்ந்திராத ஓர் எண்.

வாக்குக்கு விட்ட நாடுகள்

அயர்லாந்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொல்லவும் வேண்டும். 2015 மே 22 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 62.07 சதவீதம். பன்னிரண்டு லட்சம் பேர் ஆம் என்றார்கள், ஏழு லட்சத்துச் சொச்சம் பேர் இல்லை என்றார்கள். ஒரே ஒரு தொகுதிதான் எதிராகப் போனது. வெளிநாட்டில் வேலை பார்த்த பிள்ளைகள் ஓட்டுப் போடுவதற்கென்றே விமானமும் கப்பலும் ஏறி வந்தார்கள். கத்தோலிக்க மரபில் ஊறிய நாடு அது. தன்பாலின உறவு அங்கே குற்றம் என்று இருந்தது 1993 வரை. எந்த நீதிமன்றமும் அந்த ஜோடிகளுக்கு அப்படியொரு காலையைக் கொடுத்திருக்க முடியாது. அண்டைவீட்டுக்காரர்கள் நம்மை வேண்டாம் என்று சொல்லவில்லை என்று தெரிந்து எழுந்திருக்கும் காலை. வாத்தியார் பக்கம் நின்று பேச வேண்டுமென்றால் நான் இதைத்தான் பேசுவேன்.

ஆனால் இரண்டு விஷயத்தை மறைக்கக்கூடாது. ஒன்று, அயர்லாந்தில் வாக்கெடுப்பு விருப்பத்தின் பேரில் வைத்ததல்ல. அந்நாட்டு அரசியல் சட்டத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் மக்களிடம் போகவேண்டும் என்பது விதி. இரண்டு, அதே நாட்டில் அதே முறையில் விவாகரத்துக்கு என்ன ஆனது? 1986இல் மக்கள் மறுத்தார்கள். 1995இல் மறுபடி கேட்டபோது 50.28 சதவீதத்தில் தப்பித்தது. வித்தியாசம் 9,114 ஓட்டு. நடுவில் ஒன்பது வருடம். முறிந்த மணத்திலிருந்து வெளியே வரமுடியாமல் எத்தனையோ பேர் அந்த ஒன்பது வருடத்தைக் கழித்தார்கள்.

ஆஸ்திரேலியக் கதை வேறு மாதிரி. நாடாளுமன்றம் நினைத்தால் ஒரு மதியத்தில் மாற்றக்கூடிய சட்டம். செனட் வாக்கெடுப்பு மசோதாவை இரண்டு முறை நிராகரித்தது. அரசு சுற்றுவழி பிடித்தது: வாக்கெடுப்பு என்று சொல்லாமல் புள்ளியியல் துறையை விட்டுத் தபாலில் ‘கணக்கெடுப்பு’ நடத்தியது. 2017 செப்டம்பர் முதல் நவம்பர் வரை வீடு வீடாக உறை போனது. என் அத்தை மகன் சிட்னியின் மேற்கே குடியுரிமை வாங்கி இருக்கிறான், அவன் வீட்டுக்கும் வந்தது. "எங்க ஆபீஸ்ல ஒருத்தன் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு எங்கிட்ட கேக்குது கவர்மென்ட்டு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு மாப்ள" என்று போனில் சொன்னான். அவன் உறையைத் திருப்பி அனுப்பினானா என்று நான் கேட்கவில்லை. மொத்த முடிவு 61.6 சதவீதம் ஆதரவு. 150 தொகுதிகளில் 17 எதிர்த்தன, அதில் 12 மேற்கு சிட்னியில், நம் மாதிரிக் குடியேறிகள் நிறைந்த பகுதியில். எட்டு கோடி டாலருக்கு மேல் செலவு. எல்லாம் முடிந்து டிசம்பர் 7 அன்று நாடாளுமன்றம் அதே ஒரு மதியத்தில் சட்டத்தை மாற்றியது.

அந்த இரண்டு மாதமும் பாலியல் சிறுபான்மையினருக்கான ஆலோசனைச் சேவைகளுக்கு அழைப்புகள் கூடின என்று அங்கே செய்தி வந்தது. ஆச்சரியமில்லை. வென்ற தேர்தலிலும் பிரச்சாரக் காலம் என்று ஒன்று உண்டு. அக்காவுக்கு அந்தப் பிரச்சாரக் காலம் அரை மணி நேரம், அவர்களுக்கு இரண்டு மாதம்.

தோற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குரோவேஷியாவில் 2013 டிசம்பரில் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுத வாக்கெடுத்தார்கள். வென்றது, வந்து ஓட்டுப் போட்டவர்கள் 38 சதவீதத்தை எட்டவில்லை. ருமேனியாவில் 2018இல் இதே முயற்சி, 21 சதவீதம் பேர்தான் வந்தார்கள், செல்லாமல் போனது. ஸ்லோவேனியாவில் 2015இல் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்து நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, அந்த டிசம்பரில் வாக்கெடுப்பு வைத்து அதை வீழ்த்தினார்கள். எதிர்ப்பு 63 சதவீதம், வந்தவர்கள் 36 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், மொத்த வாக்காளர்களில் கால்பங்குக்கும் குறைவு. எங்கள் பந்தல் கணக்கு மாதிரியேதான். 2022இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தலையிட்டு அதைச் சரிசெய்தது. ஏழு வருடம். கலிபோர்னியாவில் 2008இல் 52 சதவீதம் பேர் தன்பாலினத் திருமணத்தை மறுத்து மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதவைத்தார்கள், அதே மாநிலம் 2024இல் அந்த வாசகத்தையே நீக்க வாக்களித்தது. அங்கே மனிதர்களின் உரிமை பதினாறு வருடத்தில் மாறவில்லை, ஓட்டுப் போட்டவர்களின் வயதுதான் மாறியது என்று தோன்றுகிறது.

தைவானைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2017 மே 24 அன்று நீதிமன்றம், மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம், இரண்டு வருடத்துக்குள் சட்டம் கொண்டுவாருங்கள் என்றது. 2018 நவம்பரில் எதிர்ப்பாளர்கள் வாக்கெடுப்பு வைத்தார்கள். 72 சதவீதம் பேர் குடிமைச் சட்டத்தில் திருமணம் ஆண்-பெண் இடையே மட்டும் இருக்கட்டும் என்றார்கள். நீதிமன்றத்தையும் மீறமுடியாது, மக்களையும் மீறமுடியாது. கடைசியில் குடிமைச் சட்டத்தைத் தொடாமல் தனிச் சட்டம் ஒன்று, தலைப்பில் திருமணம் என்ற சொல்லே இல்லாமல், நீதிமன்ற விளக்கத்தின் எண்ணைப் பெயராக வைத்து நிறைவேற்றினார்கள். 2019 மே 24 முதல் பதிவு தொடங்கியது. பெயர் வைக்காமல் வாழவிடுவது, அதில் தைவானும் எங்கள் ஊரும் ஒன்று.

பக்கத்திலேயே இருக்கிற உதாரணங்கள்

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வெட்டாறு நாகூர் பக்கம் கடலில் விழுகிறது. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே போனால் காரைக்கால். 1954 வரை பிரெஞ்சு மண். அந்த ஆண்டு அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பக்கம் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170க்கு 8 என்ற கணக்கில் இந்தியாவோடு சேர முடிவெடுத்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. காரைக்கால் மண் எந்த நாட்டோடு என்பது இப்படி முடிவானது.

ஆனால் காரைக்கால் மனிதர் எந்த நாட்டுக்காரர் என்பதை அப்படி முடிவு செய்யவில்லை. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, அங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவரவர் விருப்பம். 170க்கு 8 என்பது ஊருக்கு. தன் குடியுரிமைக்கு ஒவ்வொருவரும் தானே ஒரே ஓட்டு. எது கூட்டமாக முடிவு செய்வது, எது ஆள் ஆளுக்கு முடிவு செய்வது என்ற இந்தப் பிரிவினையைவிடத் தெளிவான ஒன்றை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கே பிரெஞ்சுக் குடிமக்களாக இருக்கிறார்கள், பிரெஞ்சு அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். பிரான்ஸ் 2013இல் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கியது. கீழவையில் 331க்கு 225. தெருவில் லட்சக்கணக்கில் கூடி வாக்கெடுப்பு கேட்டார்கள், அரசு மறுத்துவிட்டது. ஆகக் காரைக்காலில் ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பெண் பிரான்சுக்குப் போய்த் தான் விரும்பிய பெண்ணை மணந்து பதிவு செய்யலாம். எதிர்வீட்டுப் பெண்ணால் முடியாது. இரண்டு பேரும் ஒரே கடையில் மீன் வாங்குகிறார்கள்.

உரிமையை வாக்குக்கு விட்டதும் நம் பக்கத்தில் நடந்திருக்கிறது. 1932இல், அன்றைய சென்னை மாகாணத்தின் மலபாரில், குருவாயூர்க் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்களை விடலாமா என்று பொன்னானி தாலுகாவில் வாக்கெடுத்தார்கள். கோயில் நுழைவு கேட்டுக் கேளப்பன் என்ற தலைவர் இருந்த உண்ணாவிரதத்துக்குப் பின்னால் நடந்தது அது. யாரிடம் கேட்டார்கள்? ஏற்கெனவே உள்ளே போகிறவர்களிடம். வெளியே நின்றவர்களுக்கு ஓட்டு இல்லை. இதில் மனதைத் தொடும் விஷயம், தெளிவான பெரும்பான்மை விடலாம் என்றது. அதற்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. சட்டத்தின் பலத்தோடு அது திறந்தது 1947இல். வென்ற வாக்கெடுப்புக்கே இதுதான் கதி.

வாத்தியாரிடம் நான் கடைசியாகப் போட்ட துருப்புச் சீட்டு வேறு. அவர் கல்யாணம் சுயமரியாதைத் திருமணம். அவர் அப்பா கல்யாணமும். என் தாத்தா பாட்டி கல்யாணமும். எங்கள் பக்கம் கறுப்புத் துண்டு போட்டுக்கொண்டு மாலை மாற்றியவர்கள் ஏராளம். 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த முறைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. ஊர் கூடி வாழ்த்திய கல்யாணம், பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிற கல்யாணம், செல்லாது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்து இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார். அதற்கு முன்னால் நடந்தவையும் செல்லும் என்றது அந்தச் சட்டம். பாட்டி சொல்லுவார்: "எங்களுக்கு ரெண்டு தடவ கல்யாணம்டா. ஒண்ணு இந்தக் கொட்டாயில, இன்னொண்ணு சட்டசபையில."

"அத ஓட்டுக்கு விட்டுருந்தா ஜெயிச்சிருக்குமா சார்?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சிருக்கும்" என்றார் பட்டென்று. பிறகு, "அய்யர் இல்லாத கல்யாணம் கல்யாணமான்னு எங்க அம்மாவே கடைசி வரைக்கும் ஏத்துக்கல" என்றார். பிறகு, "ஆனா அது ஆணும் பொண்ணும்பா" என்றார். நான் பேச்சை அத்தோடு விட்டேன். அவர் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான், மாறவில்லை.

இந்தியாவில் ‘மக்கள் வாக்கு’ என்றால்

நம் அரசியல் சட்டத்தில் பொதுவாக்கெடுப்புக்கு வழி கிடையாது. ஜுனாகத்தில் 1948, கோவாவில் 1967, சிக்கிமில் 1975 என்று நடந்தவை எல்லாம் மண் யாரோடு என்ற கேள்விக்கு. குடும்பச் சட்டம் எதையும் நாம் இதுவரை வாக்குக்கு விட்டதில்லை. பலதார மணத் தடை, பெண்ணுக்குச் சொத்து, எதையும். ஆகவே இந்தியாவில் ஒருவர் இதைப் பொதுவாக்கெடுப்புக்கு விடுங்கள் என்றால், இல்லாத கதவைக் காட்டி அதன் வழியாக வா என்கிறார். வாத்தியார் அந்த எண்ணத்தில் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். விளைவு ஒன்றுதான்.

2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து பேரும் ஒன்று. சேர்ந்து வாழ்வதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்கலாம் என்று இரண்டு பேர், கொடுக்க முடியாது என்று மூன்று பேர். முடிவு நாடாளுமன்றத்தின் கையில். சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. தீர்ப்பு வந்த அன்றே வாத்தியார் போன் செய்தார், "பாத்தியா, கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று. கோர்ட் சொன்னது நாடாளுமன்றத்தை, வாக்கெடுப்பை அல்ல என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். ஒன்றல்ல. நாடாளுமன்றத்தில் விவாதிக்க வேண்டும், திருத்தம் கேட்க வேண்டும், பேசியது பதிவாகும், நாளைக்கு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாக்குச் சீட்டில் பதில் சொல்லவேண்டியவர் யாருமில்லை.

தீர்ப்பு வந்த அந்த வாரம் எங்கள் ஊரில் வேறு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மேட்டூர் அணையை மூடியிருந்தார்கள். குறுவையில் பாதி கருகிப்போயிருந்தது. டீக்கடையில் அத்தனை பேரும் தண்ணீர் வரவேண்டிய கணக்கை விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கர்நாடகத்தில் எத்தனை பேர் எதிர்த்தாலும் அது நமக்குச் சேரவேண்டியது என்று.

விசாரணையின்போது மத்திய அரசு இதை நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வை என்று எழுத்தில் சொல்லியிருந்தது. தகரத் திண்ணையில் அறுபது ரூபாய்க்குப் பாவாடை ஓரம் அடித்துக் கொடுக்கிறவர் எந்த நகரத்து மேட்டுக்குடி என்று எனக்குத் தெரியவில்லை.

பின்னர்

கிராம சபைக்கு அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். கூட்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை. "யாரும் வராம இருந்துடுவாங்களோன்னு ரெண்டு நாள் பயந்தேன் தம்பி. மூணாம் நாளு வந்துட்டாங்க" என்றார். 31 பேரில் எத்தனை வீட்டுத் துணி அங்கே தொங்கியது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது. எண்ணவில்லை.

இளையவர்தான் கேட்டார்: "கல்யாணம்லாம் வேணாங்க. எனக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரியில இவங்க கையெழுத்துப் போடலாமா? இந்த வீட்டுலேருந்து என்னைய யாரும் வெளிய அனுப்பாம இருக்கணும். அதுக்கு என்ன வழி?"

வீடு அக்கா பெயரில். உயில் எழுதிப் பதிவு செய்தோம். கூட்டுறவு வங்கிக் கணக்கில் நாமினி போட்டோம். மருத்துவ விஷயத்தில் யார் பேசலாம் என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் அதை எந்த ஆஸ்பத்திரி மதிக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் தரவில்லை. வேறொரு வழக்கில் 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல, தேர்ந்தெடுத்த குடும்பம் என்று ஒன்று உண்டு என்று சொன்னது. அதன் நகலை அச்செடுத்து அந்தத் தாள்களோடு சேர்த்து வைத்தேன்.

ரேஷன் கார்டு கடைசி. தன்பாலின இணையரை ஒரே குடும்பமாகக் கருதி ரேஷன் கார்டு தரலாம் என்று மத்திய உணவுத் துறை 2024இல் மாநிலங்களுக்கு எழுதியது. இளையவர் பெயர் இன்னும் பட்டுக்கோட்டையில் அண்ணன் கார்டில் இருந்தது. அங்கே நீக்கி, நீக்கிய சான்றை வாங்கி வர இரண்டு மாதம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையாம், சான்றைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

மூன்று பேரும் இ-சேவை மையத்துக்குப் போனோம். கணினியில் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் எல்லாம் ஏறியது. ‘உறவுமுறை’ என்ற கட்டம் வந்ததும் பட்டியல் விரிந்தது. அந்தப் பெண் மேலிருந்து கீழே உருட்டினாள். மனைவி, மகன், மகள், தாய், மருமகள். நிமிர்ந்து, "என்னக்கா போடட்டும்?" என்றாள்.

அக்கா இளையவரைப் பார்த்தார். இளையவர் திரையைப் பார்த்தார்.

"கடைசியில என்ன இருக்கு பாருமா" என்றார் அக்கா.

"‘மற்றவை’ன்னு இருக்கு."

"அதப் போடு."